சாகாத அப்போஸ்தலருக்கு ஆள் பிடித்த கதை

ஆளைச் சாகடித்தால் கைதட்டு, பிழைக்க வைத்தால் சண்டை, இதுதான் ஐயா நாடக வாத்தியார் தொழில்! கோவில் திருநாளுக்கு நாடகம் பழக்கித் தலைமுடி கொட்டிப்போன சகோதரர்களே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும். பகலில் நான் போர்ட் பிளேரில் சர்க்கார் குமாஸ்தா. சாயங்காலமானால் ஜங்லிகாட் மீன்காரர்களுக்கு வாத்தியார். அந்த வருஷம் எடுத்த கதை, சேசுநாதருக்குப் பிறகு அப்போஸ்தலர்கள் எங்கெங்கே போனார்கள், எப்படிச் செத்தார்கள் என்பது.

நல்ல சாவுக்கு அடிதடி

வேஷம் பிரித்த அன்றைக்கே ரகளை. தலைகீழாகச் சிலுவையில் தொங்கிய இராயப்பருக்கு நாலைந்து பேர் மல்லுக்கட்டினார்கள். உயிரோடு தோலுரிக்கப்பட்ட பர்த்தலோமையார் எனக்குத்தான் என்று ஒரு லாரி டிரைவர், உரிப்பதற்குத் தோதாகப் பழைய ரெயின்கோட்டையே மாட்டிக்கொண்டு வந்து நின்றான்! கிழவராகிப் படுக்கையில் உயிர்விட்ட அருளப்பரை மட்டும் யாரும் சீந்தவில்லை. மயிலாப்பூரில் ஈட்டிக் குத்துப்பட்ட தோமையார்மேல் கண் வைத்திருந்தவன் சவரிமுத்து. நல்ல குரல், நல்ல உடம்பு. "வாத்தியாரே, செத்தா நெஞ்சுல ஈட்டி வாங்கிச் சாகணும். இல்லேன்னா எனக்கு நாடகமே வேண்டாம்!"

சூசம்மாள் வந்தாள்

மறுநாள் சவரிமுத்துவின் பெண்டாட்டி சூசம்மாள் என் வீட்டு வாசலில் நின்றாள். போன மழைக்காலத்தில் அவன் படகு கவிழ்ந்து, ஆள் போய்விட்டான் என்று ஊரே துக்கம் விசாரித்து முடித்த பிறகு, ஒரு பெங்காலிப் படகில் உயிரோடு வந்து இறங்கியவன் அவன். அவள் அழவில்லை. முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, அவுக செத்தாகன்னு ஒரு தடவ மாரடிச்சு அழுதாச்சு. மேடையிலகூட இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

கடாய்

சவரிமுத்துவை அருளப்பராக்கினேன். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான்! "எல்லாரும் வீரமாச் சாவாங்க, நான் மட்டும் கஞ்சி குடிச்சுக் கெழடு தட்டிச் சாவணுமா?" என்றான். அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய கதை ஞாபகம் வந்தது. அருளப்பரைக் கொதிக்கிற எண்ணெயில் போட்டார்கள், அவர் பூப்போல எழுந்து வந்தார். அடடா! இதைவிடப் பிரமாதமான காட்சி உண்டா? அவன் முகம் மலர்ந்துவிட்டது.

ஆள் உட்காரும் அளவுக்குக் கடாய் வேண்டுமே! பஜாரில் ஜிலேபி போடும் பிஹாரி சேட்டிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டு அவர் தன் கடாயைத்தான் கவலையோடு பார்த்தார்: "பஹலே, மொதல்ல என் கடாய் வாபஸ் வரணும். ஆத்மி, அந்த ஆளு பத்தி அப்புறம் பாக்கலாம்!"

எண்ணெயில் அருளப்பர்

திருநாள் அன்று கூட்டமோ கூட்டம். இராயப்பர் தொங்கினார், தோமையார் குத்துப்பட்டார், விசில் காதைப் பிளந்தது. கடைசியில் கடாய். சாம்பிராணிப் புகை மூட, சேவகர்கள் சவரிமுத்துவை வெறும் கடாயில் தூக்கிப் போட்டார்கள். "சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்!" என்று அவன் எழ வேண்டும். எழவில்லை! பாட்டு முடிந்தது, ஆர்மோனியக்காரர் மறுபடி வாசித்தார், அப்போதும் எழவில்லை. பாவிப்பயல், மற்றவர்கள் வாங்கிய கைதட்டைப் பார்த்துச் செத்தேவிடுவது என்று முடிவு கட்டிவிட்டான். கண்ணை மூடி, வாயைத் திறந்து, கையைத் தொங்கப் போட்டுக் கிடந்தான்.

பெண்கள் பக்கமிருந்து சூசம்மாள் பாய்ந்து வந்தாள். மேடையேறி ரோமாபுரிச் சேவகனை ஒரே தள்ளு தள்ளினாள். குனிந்து புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், கடாயைவிட்டு எழுந்து நின்றான். கைதட்டில் பந்தல் ஆடியது, சுவாமியாரே எழுந்து நின்று தட்டினார். எங்கள் மூன்று பேருக்கு மட்டும் அது நாடகம் இல்லை. அவள் அவன் சட்டையை விடாமல் சொன்னாள்: "கெழடு தட்டிச் சாவுங்க. கஞ்சி நான் ஊத்துறேன்."

மற்ற அப்போஸ்தலர்களைச் சாகடிக்க ஊருக்கொரு ராஜா போதும், அருளப்பரைச் சாகவிடாமல் காக்கத்தான் ஒரு பெண்டாட்டி வேண்டியிருக்கிறது.