எங்களுக்கு முன்பே மலைக்குக் கிளம்பிய பெர்மிட்

போன வெள்ளிக்கிழமை தாம்பரம் ரயில்வே மேம்பாலப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே இறங்கி வந்த ஒருவர் சட்டென்று நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்க பத்தியை விடாம படிக்கிறவன் நான். ஜவ்வாது மலைக்கு ஜீப்ல போறோம், காட்டுல கூடாரம் போட்டுத் தங்கப்போறோம்னு எழுதினீங்களே… போனீங்களா? புலி பாத்தீங்களா?"

"அங்கே புலி கிடையாது சார். கரடிதான்."

"சரி, கரடி பாத்தீங்களா?"

"பீச் ட்ரெயின் வந்துடுச்சு… இன்னொரு நாள் பேசலாம் சார்!" என்று ஓட்டம் பிடித்தேன்.

ட்ரெயின் எதுவும் வரவில்லை. பிளாட்பாரத்தில் இருபது நிமிஷம் நின்றேன். அந்த இருபது நிமிஷமும் மனசாட்சி குத்திக்கொண்டே இருந்தது. ஊரைக் கூட்டி அறிவித்துவிட்டு, போனதைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தால் எப்படி? சொல்லிவிடுகிறேன்.

என் நண்பன் டேவிட் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ராணுவ ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்தான். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. "மலை மேல, காட்டுக்குள்ள, ரோடே இல்லாத இடத்துல ஓட்டணும்டா" என்பான். எட்டு வருஷத்தில் அந்த ஜீப் ஏறிய மிகப் பெரிய உயரம் ரயில்வே கேட் மேடு. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தது ஒரே ஒரு தடவை. மழையில் முடிச்சூர் ரோடு ஏரியாக மாறியபோது, யாருடைய அம்பாஸடரையோ வெளியே இழுக்க.

ஏன் போகவில்லை என்கிறீர்களா? பிளான் போட்டுக்கொண்டிருந்தோம்!

பிளான் இலாகா என்னுடையது. இருநூறு பக்க நோட்டு ஒன்று இதற்கென்றே வைத்திருக்கிறேன். தார்ப்பாய், ஸ்டெப்னி, இழுக்கிற கயிறு, மண்ணெண்ணெய் ஸ்டவ், விளக்கெண்ணெய் முதல் தலைவலித் தைலம் வரை எல்லாம் அதில் இருக்கும். பாம்பு கடித்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பக்கம். பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மூன்று பக்கம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சேலையூரில் என் வீட்டு மொட்டை மாடியில் மேப்பை விரித்து, நாலு மூலையிலும் காபி டம்ளர் வைத்து, எத்தனை மலை ஏறியிருக்கிறோம் தெரியுமா? ஆனால் புறப்படுகிற வாரம் வந்தால் எனக்கு ஆபீஸில் ஆடிட் வந்துவிடும். இல்லாவிட்டால் ஜுரம் வந்துவிடும். ஒரு தடவை மச்சினனுக்குப் பெண் பார்க்கிற வேலை வந்தது.

இந்த வருஷம் அப்படித் தள்ளிப்போட வழியில்லை. டேவிட் பெருங்களத்தூரில் புது ஃபிளாட் வாங்கிவிட்டான். அங்கே ஒரு ஸ்கூட்டர் நிறுத்தத்தான் இடம். ஜீப்பைப் பல்லாவரம் பக்கம் கல் குவாரி வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். காலாண்டு லீவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

"அந்த வெள்ளி, சனி, ஞாயிறு. மூணு நாள்தான்டா எனக்கு. இதுவும் போச்சுன்னா அந்த வண்டி ஆயுசுக்கும் ஜல்லிதான் சுமக்கும்" என்றான் டேவிட். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை.

காட்டு ரோட்டில் வண்டி ஓட்டவும், ரெஸ்ட் ஹவுஸ் வளாகத்தில் கூடாரம் போடவும் பெர்மிட் வேண்டும். அலைந்து வாங்கினேன். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இருட்டுவதற்குள் வண்டி ரெஸ்ட் ஹவுஸ் போய்ச் சேர வேண்டுமாம். நியாயம்தானே?

எல்லாம் சரி. செவ்வாய்க்கிழமை என் மனைவி சுமதி தினசரிக் காலண்டரைப் புரட்டினாள்.

"வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்னு போட்டிருக்கு. நீங்க போறது மேற்கே. மலைக்காட்டுக்கு வேற போறீங்க… புதன்கிழமை நல்ல நாள். பரஸ்தானமாவது வெச்சுடுங்க."

பரஸ்தானம் தெரியாத இளைஞர்களுக்காக: கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன் ஒரு நல்ல நாளில், கூடவே எடுத்துப்போகிற பொருள் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே நீங்கள் புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் கிளம்பினாலும் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். சாஸ்திரத்தில் நம் ஆட்கள் போட்டு வைத்திருக்கும் சந்து வழி!

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும்தான் உண்டு.

"ஒரு சட்டையை வெச்சாப் போதும்" என்றாள் சுமதி. நான் யார்? இருநூறு பக்க நோட்டுக்காரன் ஆயிற்றே! சட்டையை வைத்தால் சட்டைதானே புறப்பட்டதாகக் கணக்கு? பயணத்தின் உயிர்நாடி எதுவோ அதை அல்லவா வைக்க வேண்டும்? பெர்மிட்டை மஞ்சள் பையில் போட்டு, முடிச்சூர் ரோட்டில் இருக்கும் எங்கள் ஆபீஸ் நடராஜன் வீட்டில் புதன்கிழமை சாயங்காலம் பயபக்தியோடு ஒப்படைத்தேன். அதுதான் நாங்கள் போகிற வழி. மேற்குத் திசையும்கூட.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. சாமான்களை ஏற்றினோம்.

"பெர்மிட் எடுத்துக்கிட்டியா?"

"அது நடராஜன் வீட்டுல இருக்கு. போற வழியில எடுத்துக்கலாம்."

"அது எதுக்கு அங்க போச்சு?"

சொன்னேன். டேவிட் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தான். "ஏன்டா, அப்ப நீயும் நானும் புதன்கிழமையே கிளம்பிட்டோமா? வியாழக்கிழமை நான் தக்காளி வாங்கப் போனேனே, அது யாரு?"

அந்தச் சிரிப்பு நடராஜன் வீட்டு வாசல் வரை நீடித்தது. வாசலில் பூட்டு தொங்கியது.

எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார், நடராஜன் சாரைத் தேடிகினு வந்தீங்களா? அவரு பொண்ணுக்கு வலி எடுத்துட்ச்சின்னு போன் வந்து, நேத்தே காஞ்சிபுரம் போயிட்டாரே. கையில ஒரு மஞ்சப்பை வெச்சிகினு இருந்தாரு. 'நம்பிக் குடுத்த பொருளு, பூட்டுன வூட்டுல வுட்டுட்டுப் போவ மனசு வரல. அவங்க காஞ்சிபுரம் வழியாத்தான் போவாங்க, வந்தா அங்க வந்து வாங்கிக்கச் சொல்லுங்க'ன்னாரு."

"காஞ்சிபுரத்துல எங்கேம்மா?"

"கோயில் பக்கத்துல ஏதோ நர்ஸிங் ஹோமாம்."

காஞ்சிபுரத்தில் கோயில் பக்கத்தில்! எந்த இடம்தான் கோயில் பக்கத்தில் இல்லை?

ஆக, எங்களுக்கு முன்னால் எங்கள் பெர்மிட் பஸ் ஏறி மேற்கே போய்விட்டது. அது கிளம்பியது வியாழக்கிழமை. வியாழனுக்குத் தெற்கில்தான் சூலம். அதற்கு ஒரு குறையும் இல்லை.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது பதற்றம் இல்லை. நிம்மதி. அப்பாடா… இந்தத் தடவையும் போக வேண்டாம்! இட்லி சாப்பிட்டுவிட்டு, மொட்டை மாடியில் மேப்பை விரித்து, அடுத்த வருஷத்துக்குப் பிளான் போடலாம். எட்டு வருஷமாக எனக்கு வந்த ஆடிட்டும் ஜுரமும் எந்த ரகம் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. மலைச்சரிவில், பழைய பிரேக்கை நம்பி, கரடி இருக்கிற காட்டுக்குள் போவதென்றால் எனக்குப் பயம். மேப்பில் போவதென்றால் மட்டும் நான் மகா வீரன். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் என்று நினைக்கிறேன். பிளான் போடுகிற சுகமே போதும் நமக்கு. கிளம்புவதுதான் கஷ்டம்.

"சரி, என்ன பண்றது… திரும்பிடலாமா?" என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

டேவிட் என்னை ஒரு பார்வை பார்த்தான். கியரைப் போட்டான். வண்டி படப்பை தாண்டி, ஒரகடம் தாண்டிப் பறந்தது. பறந்தது என்றால் மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். வாலாஜாபாத் வந்தபோது ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு சட்டைய வெச்சிருக்கக் கூடாதாடா?" என்றான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

காஞ்சிபுரத்தில் கோயில் கோயிலாகப் போனோம். சாமி கும்பிட அல்ல. ஒவ்வொரு கோபுரத்தின் பக்கத்திலும் பிரசவம் பார்க்கிற இடம் இருக்கிறதா என்று விசாரிக்க. நான்காவது கோபுரத்தில் அகப்பட்டார் நடராஜன். மஞ்சள் பை அவர் கக்கத்தில் இருந்தது.

"பேரன் பொறந்திருக்கான் சார்! பையைப் பத்திக் கவலையே வேண்டாம். ராத்திரி தலைக்கு வெச்சுத்தான் படுத்தேன்" என்று எங்கள் வாயில் சர்க்கரையைப் போட்டார். இந்த மனிதரை எப்படிக் கோபித்துக்கொள்வது? குழந்தையைப் பார்க்காமல் போகக் கூடாது என்று அழைத்துப்போனார். பார்த்தோம். கடிகாரத்தையும் பார்த்தோம். பத்தே கால்.

செக்போஸ்ட்டை அடைந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. மூங்கில் கட்டை குறுக்கே இறங்கியிருந்தது. காவலர் பெர்மிட்டை வாங்கி மேலும் கீழும் படித்தார்.

"பன்னெண்டு மணியோட சரி சார். நாளைக்குக் காலைல வாங்க."

மூன்று நாளில் ஒரு நாள் போனால் மலையைக் கடந்து அந்தப் பக்கம் இறங்க நேரம் இருக்காது. பாதியிலேயே திரும்ப வேண்டியதுதான். டேவிட்டுக்கும் அது தெரியும். என் நோட்டில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை.

அப்போது டேவிட் செய்ததை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், காலையில் என் பரஸ்தானத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவன், காவலர் முன்னால் போய்க் கை கட்டி நின்றான்.

"சார், நாங்க இன்னிக்குக் கிளம்பினவங்க இல்ல. புதன்கிழமையே நல்ல நேரம் பாத்து பரஸ்தானம் வெச்சாச்சு. பரஸ்தானம் வெச்சா புறப்பட்டதா அர்த்தம். ரெண்டு நாளா வந்துக்கிட்டே இருக்கோம் சார். நாப்பது நிமிஷத்துக்காகத் திருப்பி அனுப்பலாமா?"

காவலர் அவனைப் பார்த்தார். "பரஸ்தானமா? எத வெச்சீங்கோ?"

"இந்த பெர்மிட்டைத்தான்."

"பெர்மிட்டையா! எந்த மகராசன் வெச்சது?"

டேவிட் கை என் பக்கம் நீண்டது. நடந்ததை முழுக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் மரத்தில் இருந்த கொக்கு ரெண்டு எழுந்து பறந்தன.

"ஏன் சார், காலண்டர்ல சூலம்னு போட்டதப் பாத்தீங்களே, அதுக்குக் கீழயே பரிகாரம் வெல்லம்னு போட்டிருக்குமே, அதப் பாக்கலையா? வெள்ளிக்கெழம மேற்கால போனா, ஒரு துண்டு வெல்லத்த வாயில போட்டுக்கினு போனா முடிஞ்சிச்சி. இதுக்குப் போயி பெர்மிட்ட வெப்பாங்களா?"

அந்தப் பூட்டைப் பார்த்ததிலிருந்து முதல் தடவையாக டேவிட் சிரித்தான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

"பொறப்பட்ட ஆளத் திருப்பி அனுப்பிச்சா அந்தப் பாவம் எனக்கு. வழியில எங்கியும் நிக்காதீங்கோ. அஞ்சு மணிக்குள்ள ரெஸ்ட் அவுஸ் போயி சேர்ந்துடணும்." மூங்கில் மேலே போனது.

மூன்று நாள்! நான்கு சக்கர லீவரை டேவிட் தள்ளிய அந்தக் கணத்தில் வண்டி ஒரு முனகு முனகிவிட்டு, ரோடே இல்லாத பாறைமேட்டில் ஏறியது. பேன்ட்டை மடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, குச்சியால் ஆழம் பார்த்துக்கொண்டே நான் முன்னால் நடந்தேன். ஆமாம், நான்தான்! பின்னால் ஜீப் வந்தது. தார்ப்பாய்க் கூடாரம் ஒழுகியது. சுமதி கட்டிக்கொடுத்த புளிசாதத்தில் மண்ணெண்ணெய் வாசனை. சாமை வயல் வழியாகப் போனபோது மலைக்காரப் பெண்கள் வண்டியைப் பார்த்துக் கை காட்டினார்கள். கரடி வரவில்லை. வந்து போனதற்கான சாட்சியை மட்டும் கூடாரத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாகவும் இவ்வளவு பயந்துகொண்டும் நான் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குவாரிக்காரர் சொன்னபடி வந்தார். டயரில் காட்டு மண் காய்ந்திருந்தது. கழுவித் தரட்டுமா என்று டேவிட் கேட்டான். வேண்டாம் என்றார் அவர். ஜீப் தெருமுனையில் திரும்பி மறைந்தது. டேவிட் அசையாமல் நின்றான். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"டேவிட், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்தப் பூட்டைப் பாத்தப்போ எனக்குக் கவலையே வரலைடா. போக வேண்டாம்னு நிம்மதியா இருந்துச்சு. எட்டு வருஷமா நான்தான் உன்னைப் போகவிடாம பண்ணிட்டேன்."

"தெரியுமே" என்றான்.

"எப்படி?"

"பூட்டைப் பாத்ததும் உன் மூஞ்சி அப்படிப் பிரகாசமாச்சு. அதப் பாத்து வந்த கோவத்துலதான் வண்டிய காஞ்சிபுரத்துக்கு விட்டேன்." டயரிலிருந்து தெருவில் உதிர்ந்திருந்த காட்டு மண்ணைக் காலால் கிளறினான். "நீ மட்டும் 'விடாதடா, போயே தீரணும்'னு சொல்லியிருந்தேன்னு வையி… நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். எனக்கும் எட்டு வருஷமா அதே பயம்தான்டா."

மலைக்காட்டுக்குக் கிளம்புகிறவர்கள் கூடவே ஒரு பயந்தாங்கொள்ளியை அழைத்துப் போங்கள்… தைரியம் வராவிட்டாலும் ரோஷமாவது வரும்!