பேசத் தெரியாத பெண்ணுக்கு மூன்று மார்க்

போன வியாழக்கிழமை ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் கூப்பிட்டிருந்தார்கள். கோவில்பட்டியைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவே நாலு மாடியில் நிற்கிற காலேஜ். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு ‘ப்ரொஃபஷனல் கம்யூனிகேஷன்’ பற்றி நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். பிறகு அவர்களுக்கு மாதிரி இன்டர்வியூ நடத்தி மார்க்கும் போட வேண்டுமாம்.

என்னைப் போய் ஏன் கூப்பிட்டார்கள்? வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்குப் பேசவும் தெரியும் என்று யாரோ நம்பிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன் — அதுதான் வினை.

விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி சிரித்தாள். நியாயமான சிரிப்புதான். வீட்டு ஓனரிடம் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லப் போய், முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, அவர் மகனின் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்த ஆள் நான். கல்யாணமும் முடிந்துவிட்டது. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

நானும் ஒரு காலத்தில் இன்ஜினீயரிங் மாணவன்தான். ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரன். முதல் இன்டர்வியூவில் ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்று ஒருவர் கேட்டார். என்னைப் பற்றி நானே என்ன சொல்ல? எங்கள் பக்கம் அந்த வேலையைப் பார்க்கத்தான் அக்கம்பக்கத்தார் இருக்கிறார்களே... அப்பா பெயர் சொன்னேன். ஊர் சொன்னேன். ஊருக்கு எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்று சொன்னேன். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதையும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், ‘ஓகே... அண்ட் யூ?’ என்றார்.

வேலை கிடைக்கவில்லை. பிறகு எப்படியோ ஒரு பம்ப் கம்பெனியில் சேர்ந்து, அங்கே ரிப்போர்ட் எழுதி எழுதி, எழுத்து என் தலையில் ஏறிக்கொண்டது. அது வேறு கதை.

இந்த லட்சணத்தில் மேடையேறினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று வையுங்கள். ‘எங்கே போனாலும் முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைக்காதீர்கள்’ என்று நான் சொன்னதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருவன் அடிக்கோடு வேறு போட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் இன்டர்வியூ. பிளேஸ்மென்ட் மேடம் — வேலைவாய்ப்புக்குப் பொறுப்பானவர், நாற்பது வயதிருக்கும், கறாரான முகம் — முன்னாடியே விளக்கிவிட்டார். முப்பத்தெட்டுப் பேர். என் மார்க்கில் முதலில் வருகிற பத்துப் பேரின் பெயர் மட்டும் சென்னையில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகும். சாயங்காலம் நாலு மணிக்குள் மெயில் அனுப்பிவிட வேண்டும். இந்த டிபார்ட்மென்ட்டுக்கு இந்த வருஷம் வருகிற ஒரே கம்பெனி அதுதான்.

இருபதாவதாகவோ என்னவோ செண்பகவல்லி வந்தாள். பசுவந்தனைப் பெண். ஒல்லி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, மடியில் ஒரு பழைய பை. இங்கிலீஷில்தான் கேட்டேன், அவளும் பிசகில்லாத இங்கிலீஷில்தான் பதில் சொன்னாள். பத்திக்காகத் தமிழில் தருகிறேன்.

புரோகிராமிங் தெரியுமா? ஏதோ கொஞ்சம் தெரியும் சார். சர்க்யூட் டிசைன்? அதுவும் கொஞ்சம். ப்ராஜெக்ட் என்ன செய்திருக்கிறாய்? சும்மா ஒரு சின்ன மீட்டர் சார், தானியத்தில் ஈரம் பார்க்கிறது. வேலை செய்கிறதா? ஏதோ செய்யுது சார்.

நான் பேனாவை எடுத்தேன். பத்துக்கு மூன்று. கீழே குறிப்பும் எழுதினேன்: ‘தன்னம்பிக்கை இல்லை. பேசத் தெரியவில்லை.’

அடுத்து வந்த பையன் உட்காரும்போதே தான் ஒரு டீம் பிளேயர் என்றான், பிறந்ததிலிருந்தே லீடர் என்றான். எட்டு போட்டேன். அவன் ப்ராஜெக்ட் என்னவென்று நான் கேட்கவே இல்லை என்பது, இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

மத்தியானம் கேன்டீனில் சாப்பாடு. என்னைக் கோவில்பட்டியிலிருந்து காரில் கூட்டி வந்த காலேஜ் டிரைவர் அண்ணாச்சி எதிரே வந்து உட்கார்ந்தார். அவருக்கும் பசுவந்தனைதான், வேலை போக நாலு ஏக்கரில் மானாவாரி மக்காச்சோளம்.

“சார் பேப்பர்ல எல்லாம் நல்லா எழுதுதீங்களாமே?” என்றார்.

“என்னத்த அண்ணாச்சி... ஏதோ கிறுக்குதேன்.”

பதிலுக்கு நானும் மரியாதைக்கு, மக்காச்சோளம் எப்படி என்று கேட்டேன். “என்னத்த சார்... ஏதோ கெடக்கு” என்றார்.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. மனுஷனுக்கு இந்த வருஷம் நல்ல வெள்ளாமை!

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரிசல் பக்கம் விளைச்சலை ‘நன்றாக இருக்கிறது’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். கண் படாவிட்டாலும் பக்கத்துக் காட்டுக்காரர் காதில் படும், இரண்டும் ஒன்றுதான். ‘சுமார்’ என்றால் நல்ல விளைச்சல் என்று அர்த்தம். ‘ஏதோ கெடக்கு’ என்றால் மூடையை அடுக்க வீட்டில் இடமில்லை. ஒருத்தர் வாயைத் திறந்து ‘நல்லா இருக்கேன்’ என்று அழுத்திச் சொன்னால்தான் நாங்கள் பயப்படுவோம் — ஆஸ்பத்திரியில் இருந்து பேசுகிறாரோ என்று.

இதையெல்லாம் பெருமையாக நினைத்துக்கொண்டே ரசத்தை ஊற்றிப் பிசைந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

ஏதோ கொஞ்சம் தெரியும் சார். ஏதோ செய்யுது சார்.

அந்தப் பெண்ணும் இதே பாஷையில்தானே பேசினாள்? ஓட்டப்பிடாரத்தான் எனக்கு அது எப்படிப் புரியாமல் போயிற்று? கழுத்தில் ஒரு ஐடி கார்டை மாட்டி, முன்னால் ஒரு மார்க் பேப்பரை வைத்தால் சொந்த ஊர்ப் பேச்சு கூடவா மறந்துவிடும்?

அண்ணாச்சியிடம் செண்பகவல்லியைத் தெரியுமா என்று மெதுவாக விசாரித்தேன்.

தெரியுமாவா? தை மாதம் எதிர்பாராமல் பெய்த மழையில் ஊர்க் களத்தில் கிடந்த மக்காச்சோளம் எல்லாம் நனைந்துவிட்டது. ஈரம் கூடினால் வியாபாரி விலையில் பிடித்துவிடுவார். அவர் மீட்டர் காட்டுவதுதான் கணக்கு. நம்மிடம் மீட்டர் ஏது? அந்தப் பெண்தான் களம் களமாகப் போய்த் தன் மீட்டரில் பார்த்து, இவர் ஏற்றலாம், அவர் இன்னும் ஒரு நாள் காயப்போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதும் வியாபாரி மீட்டரும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. இப்போது அவளிடம் கேட்காமல் ஊரில் யாரும் மூடை தைப்பதில்லையாம்.

“ஆனா என்ன சார், இந்தக் கம்பெனி லிஸ்ட்ல வரலேன்னா அவ அப்பா விட மாட்டாரு. மூத்த பிள்ள புதியம்புத்தூர்ல ரெடிமேட் துணி தைக்கப் போகுதுல்லா... இவளையும் கூட அனுப்பிருவேன்னு சொல்லிட்டாரு” என்றார்.

“அவளுக்கு மார்க்கத் தப்பாப் போட்டுட்டேன் அண்ணாச்சி, மேடத்துக்கிட்ட சொல்லணும்” என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

செண்பகவல்லி லேபில் இருந்தாள். அந்த மீட்டரைக் காட்டம்மா என்றேன். பையில் இருந்து எடுத்தாள். டிபன் டப்பா அளவு. நிஜமாகவே ஒரு டிபன் டப்பாவில்தான் செய்திருந்தாள். பையிலேயே ஒரு பொட்டலம் மக்காச்சோளமும் வைத்திருந்தாள். அள்ளிப் போட்டாள், எண் வந்தது. பிறகு சர்க்யூட்டை விளக்க ஆரம்பித்தாள் — பம்ப் கம்பெனி இன்ஜினீயருக்கு முதல் ஐந்து நிமிஷம் புரிந்தது. மிச்சத்துக்குத் தலையை ஆட்டினேன்.

காலையில் ஏன் இதையெல்லாம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னேனே சார். மீட்டர் செஞ்சிருக்கேன், வேலை செய்யுதுன்னு.”

“ஊரே இதை வச்சுத்தான் மூடை ஏத்துதுன்னு சொல்லலையேம்மா.”

அவள் மீட்டரின் மூடியைச் சரியாகப் பொருத்தினாள். “நாம செஞ்சத நாமளே எப்படி சார் பெருசா சொல்லுதது? கேட்டா எடுத்துக் காட்டலாம்னுதான் பையோட வந்தேன். நீங்க கேக்கவே இல்லையே.”

அந்தப் பை காலையில் என் கண்ணுக்கு முன்னால்தான், அவள் மடியில்தான் இருந்தது. எனக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது.

மணி மூன்று. நேரே மேடத்தின் அறைக்குப் போனேன். ஒரே வாக்கியம் சொன்னால் போதும்: ‘மேடம், ஒரு பெண்ணுக்கு நான் தப்பாக மார்க் போட்டுவிட்டேன்.’ வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

உள்ளே போனதும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். காபி வந்தது.

உட்கார்ந்த உடனே எப்படி விஷயத்தை எடுப்பது? ஒரு முறை என்று இருக்கிறதே... அவருக்கு எந்த ஊர் என்று கேட்டேன். எட்டயபுரம் பக்கம். அங்கே தை மழை எப்படி என்று கேட்டேன். உளுந்து போச்சு என்றார். எங்கள் பக்கம் மிளகாய் போச்சு என்றேன். காட்டுப் பன்றித் தொல்லைக்குப் போனோம். பன்றியில் இருந்து அவர் தம்பிக்குப் பெண் பார்க்கிற விஷயத்துக்கு எப்படி வந்தோம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று இருபது. மூன்று முப்பது. நடுநடுவே ‘அப்புறம்...’ என்று இழுத்தேன். அவரும் ‘அப்புறம்...’ என்றார். அவரும் கரிசல்காரர்தானே.

நான் நாலாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்ததும் மேடம் சிரித்தார். “சாருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. கேக்கத் தயங்குதீங்க” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக் காருக்குச் சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நன்றி சொன்னேன். கும்பிட்டேன். போய் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஏசி காற்று முகத்தில் அடிக்கிறது, வேர்க்கிறது. இன்னும் இருபது நிமிஷத்தில் ஒரு பெண்ணின் பெயர் இல்லாமல் ஒரு மெயில் போகப் போகிறது. தடுக்க வேண்டியவன் பின் சீட்டில் சாய்ந்துகொண்டு கோவில்பட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

டிரைவர் அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “மேடத்துக்கிட்ட சொல்லிட்டீங்கல்லா சார்?”

“பேசிக்கிட்டுதான் இருந்தோம் அண்ணாச்சி...”

“என்ன பேசுனீங்க?”

“மழையைப் பத்தி.”

 அண்ணாச்சி பெட்ரோல் பங்க் பக்கத்தில் வண்டியை ஒரு திருப்புத் திருப்பினார். காலேஜ் வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, ஒன்றே ஒன்று சொன்னார்: “உள்ள போய் உக்காராதீங்க சார். உக்காந்தா காப்பி வரும். காப்பி வந்தா பேச்சு மழைக்குப் போயிரும்.”

ஒரு மணி நேரம் மைக் பிடித்து நான் நடத்திய பாடம், இந்தத் தெளிவில் பாதி இருந்திருக்குமா?

படியேறி ஓடினேன். மூச்சு வாங்கக் கதவிலேயே நின்றேன். மேடம் கம்ப்யூட்டர் முன்னால் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். “செண்பகவல்லிக்கு நான் தப்பா மார்க் போட்டுட்டேன் மேடம். ஒன்பது போட்டிருக்கணும்” என்றேன். மீட்டரைப் பார்த்ததையும் சொன்னேன். மொத்தம் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

மேடம் என் பக்கம் திரும்பினார். “இத அப்பவே சொல்லிருக்கலாமே சார்” என்றார். கோபமில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

மார்க்கை மாற்றலாம், ஆனால் சும்மா மாற்ற முடியாது. அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. பழைய மார்க், புதிய மார்க், மாற்றத்துக்கான காரணம், கையெழுத்து. அது ஃபைலில் இருந்தால்தான் நாளைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது. மணி மூன்று ஐம்பத்து மூன்று.

பழைய மார்க்: மூன்று. புதிய மார்க்: ஒன்பது. இதுவரை கடகடவென்று எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு, எனக்குத்தான் எழுத வருமே... ‘இப்பகுதி மக்களின் இயல்பான தன்னடக்கத்தையும் பேச்சு வழக்கையும் கருத்தில் கொள்ளாமல், காலை நேர நெருக்கடியின் காரணமாகவும், ப்ராஜெக்ட் குறித்த முழுமையான தகவல் கிடைக்கப் பெறாத நிலையிலும்...’ என்று இரண்டு வரி போனேன். இன்னும் வினைச்சொல் வரவில்லை.

மூன்று ஐம்பத்தாறு.

மேடம் எழுந்து வந்து, தோளுக்கு மேலே எட்டிப் படித்தார். “சார், இது எதுக்கு இவ்வளவு?” என்றார். என் கையில் இருந்த பேனாவை வாங்கினார். இரண்டு வரியையும் ஒரே கோட்டில் அடித்தார். அதற்கு மேலே இரண்டே வார்த்தை எழுதினார்:

‘மதிப்பீட்டாளர் தவறு.’

கையெழுத்துப் போட்டேன். பட்டியலில் செண்பகவல்லியின் பெயர் மூன்றாவதாக ஏறியது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு மெயில் போனது.

எத்தனையோ வருஷமாக எழுதுகிறேன்... என் எழுத்தை இவ்வளவு சரியாக யாரும் எடிட் செய்ததில்லை.