வரைபடத்தில் செத்துப்போனவர்

கல்லூரி நூலகருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கடுகு. ஆள் சின்ன உருவம், கோபம் வந்தால் பொரிந்து தள்ளிவிடுவாள். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாரம் அவள் பட்ட பாடு வேறு. புத்தக அடுக்குகளுக்கு நடுவே போவாள், வருவாள், ஒழுங்காக இருக்கிற புத்தகத்தை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைப்பாள்.

எல்லாம் அவளே எழுதிய கட்டுரையால் வந்த வினை. முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் அவள் வகுப்பு எடுக்கிறாள். தகவலை எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படிச் சோதிப்பது, எதை நம்புவது. தகவல் எழுத்தறிவு என்று அதற்குப் பெயர். பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆனாலும் அவள் உயிரே அதில்தான் இருந்தது. அந்தத் துறையில் உலகம் முழுக்க வருடாவருடம் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன, யார் அதிகம் எழுதுகிறார்கள் என்று கணினியில் தேடிக் கணக்கெடுத்து வரைபடம் போட்டாள். கோடு கொஞ்ச வருடம் ஏறியது, பிறகு சரிந்தது. 'இத்துறையில் ஆர்வம் குறைந்து வருகிறது' என்று கட்டுரையை முடித்தாள். அச்சில் வந்ததும் கல்லூரி முதல்வரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் வரைபடத்தை மட்டும் பார்த்தார்.

"உலகமே விட்டுட்ட விஷயத்தை நாம எதுக்கு மேடம் கட்டிக்கிட்டு அழணும்? அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துடலாம். வெள்ளிக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடுவோம்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

வீட்டிலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். மருந்துக்கடையிலிருந்து வந்த கணவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் உக்காரேன்மா. உன்னைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை சுத்துது."

"அதுக்குத்தான் உங்க கடையில மாத்திரை இருக்கே, போட்டுக்குங்க."

அவர் தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் பழைய அட்டவணைகளை மறுபடி கிளறினாள். பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் வருடாவருடம் எழுதிக் குவித்தவர். கோடு சரியத் தொடங்கிய வருடத்திலிருந்து அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டாரோ? அவளுக்குப் பாவமாக இருந்தது. இரங்கல் செய்தி ஏதாவது வந்திருக்கிறதா என்று அவர் பெயரைப் போட்டுத் தேடினாள்.

ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். போன மாதம்கூட எழுதியிருந்தார், பொய்ச் செய்தியை மாணவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று. அதற்கு முந்தியது ஊடக எழுத்தறிவு. அதற்கும் முந்தியது டிஜிட்டல் எழுத்தறிவு. கடை அதே கடைதான், பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியிருந்தார். அவள் தேடியதோ பழைய பெயர் ஒன்றை மட்டும். "ஒரே சொல்லைக் கட்டிக்கிட்டுத் தேடாதீங்க, அதோட சொந்தபந்தத்தையும் சேர்த்துக் கூப்பிடுங்க" என்று வருடம் தவறாமல் முதல் வகுப்பில் முழங்குகிறவள் அவள்தான். தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாப் பெயர்களையும் சேர்த்துத் தேடினாள். கோடு சரியவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. சந்தோஷப்படவும் முடியவில்லை. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் வகுப்பு போகும்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தன் முறை வரும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், என் கட்டுரை தப்பு."

எப்படித் தப்பு என்று புது வரைபடத்தைக் காட்டி விளக்கினாள். பத்திரிகைக்கும் திருத்தம் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். கணக்கு ஆசிரியர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார். அவளுக்குக் காது சுட்டது.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே சொல்லை வச்சுத் தேடக்கூடாதுன்னுதானே மேடம் நீங்க பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறீங்க?"

"ஆமா சார்."

"வருஷக்கணக்கா சொல்லிக் கொடுக்கிற உங்களுக்கே தப்பாப்போச்சு. வாரம் ஒரு மணி நேரத்துல பசங்களுக்கு மட்டும் எப்படி வரும்?"

கடுகு உட்காரவில்லை.

"வராது சார். அதான் ரெண்டு மணி நேரம் கேக்கிறேன்."