நைனா என்று எழுதிய பழங்கள்

திருப்பதியில் இந்தக் கோடையில் பகல் பன்னிரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் அந்தத் தண்ணீரிலேயே காபி கலந்துவிடலாம். போன வாரம் குளிக்கப் போனவன் கையைச் சுட்டுக்கொண்டு, பழைய பழக்கத்தில் பக்கத்திலிருந்த வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். கீசரை மாசியிலேயே அணைத்திருந்தோம். இதமான தண்ணீர் வந்தது. வெளியே வந்து பெருமையாகச் சொன்னதும், "முனிரத்தினம் சொல்லிக்குடுத்தது இல்ல அது" என்றாள் மனைவி. அப்புறம் அவள் அடுப்படிக்குப் போனாள், நான் பேப்பரைப் பிரித்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் வந்தால் இப்படித்தான் ஆகும்.

ஷார்ஜாவில் பதினொரு வருஷம் இருந்தோம். ஒரு லிஃப்ட் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தேன். சொந்த ஊரான நகரியில் உறவுக்காரர்கள் என்னை ஆபீசர் என்று சொல்லிக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. முதல் கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வந்த தண்ணீரில் தோல் உரியாத குறைதான். வாளியில் பிடித்து ஐஸ் கட்டி போட்டுக் குளித்தோம். ஐஸ் பை தூக்கிக்கொண்டு படியேறும் என்னைப் பார்த்துச் சிரித்தவன் முனிரத்தினம். எங்கள் கட்டடத்து வாட்ச்மேன். அங்கே நாத்தூர் என்பார்கள். "கீசர ஆஃப் பண்ணி வுட்டுடுங்கண்ணா. அது வூட்டுக்குள்ள ஏசியில கீது, தண்ணி ஆறிக்கினே இருக்கும். சுடுதண்ணி கொழாய தொறந்து குளிங்க" என்றான்.

அதுவரை நான் அவனிடம் ஓட்டை இந்தியில் பேசிக்கொண்டிருந்தேன். அவனுக்குச் சொந்த ஊர் எங்கள் சித்தூர் ஜில்லாவில் புத்தலப்பட்டுப் பக்கம். ஒரே ஜில்லாக்காரனிடம் ஆறு மாசம் 'பானி, கச்ரா' என்று பேசியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றிலிருந்து நான் அவனுக்கு அண்ணன். பாதித் தமிழ், பாதித் தெலுங்கில் எங்கள் பேச்சு ஓடும்.

அந்த ஊர்க் கோடையை வாசனையாகத்தான் சொல்ல முடியும். ஏசியின் ஈரத்துணி வாசனை, சூடேறிய கார் சீட்டின் வாசனை, கதவைத் திறந்ததும் முகத்தில் அப்பும் கடலின் உப்பு. மூக்குக்கண்ணாடி உடனே பனி பிடித்துவிடும். துடைத்துக்கொண்டே நடக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் துண்டு சுற்றிப் பிடிப்போம். ஆபீசுக்குள்ளோ நடுக்கும். வெளியே ஊர் வெந்துகொண்டிருக்க, என் நாற்காலியில் வருஷம் முழுக்க ஒரு ஸ்வெட்டர் தொங்கியது. சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைக் காலியாகவே தள்ளிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் குளிருக்குச் சுற்றுவோம்.

ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டால் கட்டடமே காலியாகும். எல்லா வீட்டுச் சாவியும் முனிரத்தினத்தின் அறையில் தொங்கும். தொட்டிச் செடிக்குத் தண்ணீர், மீன்தொட்டிக்கு இரை எல்லாம் அவன் பொறுப்பு. அதனால் அவனுக்குக் கோடையில் லீவே கிடையாது; குளிர் காலத்தில்தான் அனுப்புவார்கள். மகள் பிறந்தபோது வீட்டோரம் ஒரு பேனிஷா ஒட்டு மாங்கன்று நட்டுவிட்டு வந்திருந்தான். பங்கனப்பள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நாங்கள் போன ஏழாவது வருஷம் அது முதல் காப்புக்கு வந்தது. தங்கை கல்யாணத்துக்கு நான் ஊருக்குக் கிளம்பியபோது, தயங்கித் தயங்கி ஒரு பழமாவது கொண்டுவர முடியுமா என்று கேட்டான்.

அவன் வீட்டுக்குப் போனேன். மரத்தில் காய்த்ததே ஆறு. ஒன்றைக்கூட யாரையும் தொடவிடாமல், பறித்து வைக்கோலில் வைத்திருந்தாள் அவன் மனைவி. மகளுக்கு ஐந்து வயது, தெலுங்குப் பள்ளிக்கூடம். ஒவ்வொரு காயிலும் பேனாவால் தெலுங்கில் 'நைனா' என்று எழுதியிருந்தாள். அப்பா என்று அர்த்தம். ஒரு காயில் 'னா'வின் கால் வழுக்கிக் காம்பு வரை போயிருந்தது.

ஷார்ஜாவில் இறங்கிய அன்றே அவனிடம் கொடுத்திருக்கலாம். காயாக இருக்கிறது, அவன் அறையில் ஏசி இல்லை, வெந்துவிடும், எங்கள் வீட்டில் பழுக்கட்டும், நான்கு நாளில் தருகிறேன் என்றேன். நல்ல எண்ணம்தான், சத்தியமாக. பழுக்கப் பழுக்க அந்த அடைத்த ஃப்ளாட் முழுக்க எங்கள் ஜில்லா மணத்தது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் மூன்று குடும்பம் சாப்பிட வந்தது. நாங்கள் கொண்டுவந்த பழம் போதவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். ரெண்டு எடு, அவனுக்கு நாலு போதும் என்றேன். பிள்ளைகள் இன்னும் கேட்டார்கள். நாலு மூன்றானது, மூன்று ஒன்றானது. எங்கள் பழமும் அவன் பழமும் ஒரே தட்டில் துண்டுகளாகக் கிடந்தன.

மிஞ்சியது ஒன்று. வீட்டில் ஆறு கொடுத்தனுப்பியிருக்க, அவனிடம் ஒன்றை எப்படி நீட்டுவது என்று வெட்கமாக இருந்தது. என் புத்தியைப் பாருங்கள், அந்த வெட்கத்தில்தான் அதையும் தின்றோம். மறுநாள் காலை, பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றபடி, நானும் அவளும், வாயைத் துடைத்துக்கொண்டு.

சற்று நேரத்தில் குப்பை எடுக்க வந்தான். "பழம் பழுத்துச்சாண்ணா?" என்றான்.

"எல்லாம் வெம்பி அழுகிப்போச்சுப்பா. தூக்கிப்போட்டுட்டேன்."

"முதல் காப்பு அப்பிடித்தாண்ணா. நீங்க அம்மாந்தூரம் தூக்கிக்கினு வந்தீங்களே, அதே பெருசு" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். அவன் கையில் எங்கள் வீட்டுக் குப்பைப் பை இருந்தது. பேனா எழுத்தோடு தோல்கள் அதற்குள் இருந்தன. இது எனக்கு ஆபீஸ் போய் ஸ்வெட்டரை மாட்டியபிறகுதான் உறைத்தது. ஒருவேளை பிரித்துப் பார்த்திருக்க மாட்டான் என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் வாசலில் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றான். மீதி நான்கு வருஷமும் சார்தான். வேலையில் ஒரு குறை வைத்ததில்லை. நாங்கள் ஊருக்குப் போன கோடைகளில் எங்கள் கறிவேப்பிலைச் செடி ஒருநாளும் வாடவில்லை. அவமானத்தை அதைவிடச் சரியாக யாரும் எனக்குக் கொடுக்க முடியாது.

போன வருஷம் சித்தூருக்குப் போகும்போது மனம் கேட்காமல் புத்தலப்பட்டு தாண்டி அவன் ஊர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். மாங்காய் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்தைத் திருப்பதியிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். முனிரத்தினம் ஊரோடு வந்துவிட்டிருந்தான், தலை நரைத்திருந்தது. நாற்காலி போட்டான், மோர் கொடுத்தான். நான் மரம் இருந்த பக்கம் பார்த்தேன். வீட்டை ஒட்டித் தார் ரோடு ஓடியது.

"ரோடு பெருசு பண்ணாங்களே, அதுல போயிடுச்சி சார். நீங்க வந்து எடுத்துக்கினு போனீங்களே, அதே வருசம். அந்த ஆறுதான் அது காச்சது."

ஒத்திகை பார்த்த வாக்கியத்தைத் தொடங்க மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். அவனே குரலைத் தாழ்த்தி, கோபமே இல்லாமல் கேட்டான்.

"பழம் எப்பிடி சார் இருந்துச்சி? எங்க வூட்ல யாரும் துன்னல. துன்னவங்க நீங்கதான்."

யோசித்துப் பார்த்தேன். தட்டில் எது எங்களுடையது, எது அவனுடையது என்று அன்றைக்கே தெரியாது. கடைசிப் பழத்தைத் தின்றபோது, அவன் வந்துவிடுவானோ என்ற அவசரம் மட்டுமே வாயில் இருந்தது. அந்த மரத்தின் ருசி என்னிடமும் இல்லை.

"தேனாட்டம் இருந்துச்சுப்பா" என்றேன்.

அவன் உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னான்: "கேட்டியா, தேனாட்டம் இருந்துச்சாம்."