சுதாஜினி கூப்பிட்ட சாட்சி

சுதாஜினிக்கு மூன்று மொழியிலும் கோபம் வரும். பிரெஞ்சில் அரசதரப்பு மீது, ஆங்கிலத்தில் பொலிஸ் மீது, தமிழில் எங்கள் சனத்தின் மீது. மொன்றியலின் புறநகர் ரொக்ஸ்பரோவில் வளர்ந்த மட்டக்களப்புப் பிள்ளை. போதைப்பொருள் வழக்கில் மாட்டியவர்களுக்காக மொன்றியல் நீதிமன்றத்தில் வாதாடுகிறாள். நான் அவளுடைய கந்தோரில் கோப்பு அடுக்குகிறவன். என் மகள் வயசுதான், ஆனாலும் பதினொரு வருடமாக ஏச்சு வாங்கிக்கொண்டு இருக்கிறேன்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஏன் வாதாடுகிறாய் என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். பிறகு கேட்டவர் வீட்டிலிருந்தே ஒருநாள், பிள்ளையைப் பொலிஸ் பிடித்துவிட்டது என்று அழைப்பு வரும். அதையும் எடுப்பாள்.

போன மாரியில் அருமைநாதனைப் பிடித்தார்கள். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டு வண்டி ஏற்றுகிறவர். வண்டிக்குள் போதைப்பொருள் இருந்ததாம். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அதை விசாரணையில் பார்க்கலாம், முதலில் ஆளைப் பிணையில் எடுக்கவேண்டும்.

அதற்குள் அவர் மனைவி யோகமலர் காரியத்தைக் கெடுத்திருந்தார். மானம் போய்விடும் என்று, கேட்டவர்களுக்கெல்லாம் "அவர் வேலை மாறி டொரன்டோ போயிட்டார்" என்று சொல்லிவைத்திருந்தார். வீட்டுச் சொந்தக்காரர் அதை அப்படியே பொலிசிடம் ஒப்புவித்துவிட்டார். இவருக்கு இங்கே நிலையான வீடே இல்லை, விட்டால் ஓடிவிடுவார் என்று அரசதரப்பு பிடித்துக்கொண்டது.

யோகமலர் பிணை நின்று, சாட்சியும் சொன்னால்தான் வழி. அன்றைக்கு மொழிபெயர்க்க வந்திருந்தவரோ திரேசம்மா, யோகமலரின் தேவாலயத்துக்காரி. கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தவர்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் முகத்தில் முழிக்கவேண்டுமே. யோகமலர் வாசலிலேயே நின்றுவிட்டார். மொழிபெயர்க்க வேறு ஆள் வேண்டுமென்றால் இன்னும் மூன்று நாள் அருமைநாதன் உள்ளே இருக்கவேண்டும் என்று சுதாஜினி ஒளிக்காமல் சொன்னாள்.

"முடிவு உங்கடதான் அக்கா. எதைச் சொன்னாலும் நான் உங்கட பக்கம்."

அவ்வளவுதான், அவசரப்படுத்தவில்லை. ஒரு மனுசியின் வெட்கத்தை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற வேறொரு சட்டத்தரணியை நான் கண்டதில்லை. அதனால்தான் இந்தக் கந்தோரை விட்டு நான் போகவில்லை.

யோகமலர் கூண்டில் ஏறினார். டொரன்டோ கதை பொய், வெட்கத்தில் தானே கட்டியது என்று சொன்னார். திரேசம்மா குனிந்தபடி பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தார். ஊருக்கே பொய் சொன்னவர் பிணை நிற்பதை எப்படி நம்புவது என்று நீதிபதி கேட்டார். நியாயமான கேள்வி.

யோகமலர் திரேசம்மாவைக் காட்டினார்.

"நான் பயந்தது இவவைப்போல ஆக்களுக்குத்தான் ஐயா. இவவுக்கு முன்னாலயே உண்மையைச் சொல்லிப்போட்டன். இனி உங்களுக்கு ஏன் பொய் சொல்லப்போறன்?"

திரேசம்மா தண்ணீர் குடித்தார். பிறகு தன்னைப் பற்றிச் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னார்.

பிணை கிடைத்து, அருமைநாதன் அன்று பின்னேரமே வீட்டுக்குப் போனார்.