கூடத்துச் சுவரில் ஒரு பொய்ச் சிறகு

ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் அண்ணன் போடியில் புது வீடு கட்டிக் குடிபோன அன்று, விருந்துக்கு வந்த சக வியாபாரிகளையெல்லாம் கூடத்துச் சுவருக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் பலகை, அதில் சிறகு விரித்த எலும்புக்கூடு. வெளியூர்க் கண்காட்சியில் வாங்கினாராம். “டைனோசர் பறவை” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பதினேழு வயதில் நிலவியல் படிக்க எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். சொந்தபந்தம் கூடியிருந்த ஒரு கல்யாண வீட்டில், “கல்லைப் படிச்சு என்னடி கிழிக்கப்போற?” என்று கேட்டு, கல்லூரிக் கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிலமலையில் வாக்கப்பட்டு, மாட்டுக்கும் காட்டுக்கும் போக மிஞ்சிய நேரத்தில் நூலகத்துப் புத்தகத்திலும் போனிலும் நானாகவே படித்தேன். அந்தச் சிரிப்பை மட்டும் மறக்கவேயில்லை.

என்னைப் பார்த்ததும் அண்ணன், “இந்தா வந்துட்டா எங்க வீட்டுக் கல்லுக்கிறுக்கி. விவரமெல்லாம் இவ சொல்லுவா” என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. முதலில் அவரை நன்றாக ஏற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

“இது பறவையும் இல்ல, டைனோசரும் இல்ல. பறக்குற ஊர்வன சாதி” என்று ஆரம்பித்தேன். எலும்பெல்லாம் உள்ளே காலியான மெல்லிய குழாய்கள், சுலபமாக நொறுங்கிவிடும். அலையில்லாத கடலோரத்தில் மாவு போன்ற சுண்ணாம்புச் சேறு மெல்ல மூடினால்தான் முழு உருவம் நிலைக்கும். நம் குரங்கணி மலையை முழுக்கப் பெயர்த்தாலும் இப்படி ஒன்று அகப்படாது, அது பூமிக்கடியில் வெந்து இறுகிய பாறை. எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம் பலகையை நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“ஆனா அந்தச் சாதிக்குச் சிறகைத் தாங்குறது ஒத்த விரலுதான். இங்க வவ்வாலு மாதிரி நாலு விரலு விரிஞ்சு கெடக்கு” என்றேன்.

சாயம் ஏற்றிய ஏலக்காயைப் பிடிக்க எங்கள் ஊர் வியாபாரிகள் ஈரத்துணியில் தேய்த்துப் பார்ப்பார்கள். அப்படித் தேய்க்காமல் அண்ணன் ஒரு மூட்டைகூட வாங்கியதில்லை. கல் என்றதும் கண்ணை நம்பிவிட்டார். வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, அந்த எலும்பின் மேல் அழுத்தித் தேய்த்தேன். துணியில் காப்பிநிறம் ஏறியது. அதை விரித்துப் பிடித்து ஒவ்வொருவருக்கும் காட்டினேன். ஏலக்காய் வியாபாரிகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒருவர் சிரித்தார், பிறகு கூடமே சிரித்தது. எனக்கு இனித்தது. இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

கைகழுவும் இடத்தில் அண்ணன் என்னை மறித்தார். “தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல, ஆத்தா?”

“தனியாச் சொல்லி நீங்க என்னைக்குண்ணே கேட்டிருக்கீங்க?” என்றேன்.

அவர் கண் கலங்கியிருந்தது. நான் கைக்குட்டையை அலசாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சிலமலைக்குப் பஸ் ஏறினேன்.