மாதா வளைவில் நின்ற பச்சைப் புள்ளி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்தது எனக்கு. நடுராத்திரியில் அல்ல, சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது. அதனால்தான் இன்றுவரை எனக்குப் பகலில்கூடக் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்காரப் பிடிக்கவில்லை.

என் பெயர் ரோசால்பா. கொலம்பியாவில், பொயாக்கா மலைப்பக்கம் எங்கள் ஊர். இங்கே நடக்கத் தொடங்கும் முன்பே பிள்ளைகள் சைக்கிள் ஏறிவிடும். எங்கள் சைக்கிள் குழுவுக்கு ஒரு வலைப்பூ உண்டு. அதை நடத்துவது நான். பெரிய படிப்பெல்லாம் இல்லை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். மேப் தளத்தில் நாலு வரிக் கம்ப்யூட்டர் கோட் தருவார்கள். அதை நகலெடுத்துப் பதிவுக்குள் ஒட்டினால், படத்துக்குப் பதிலாக உயிருள்ள வரைபடமே வந்து உட்கார்ந்துவிடும். விரலால் இழுக்கலாம், பெரிதாக்கலாம். ஒவ்வொருவர் சீட்டுக்கு அடியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி மாட்டியிருப்போம். யார் எந்த மேட்டில் இருக்கிறார்கள் என்று பச்சைப் புள்ளியாக, பெயரோடு, மேப்பில் நகரும். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே சூப் கொதிக்க வைப்பார்கள்.

யாதிராவின் அம்மாவும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம், ஜூன் மாதம். புள்ளி மலை உச்சியிலிருந்து இறங்கியது. மாதா சிலை இருக்கும் வளைவில் நின்றது. பிறகு நகரவே இல்லை.

யாதிராவுக்கு இருபத்து நான்கு வயது. எங்கள் குழுவில் அவளை இறக்கத்தில் முந்த ஆளே கிடையாது.

சைக்கிள் பள்ளத்தில் கிடைத்தது. உடலை அதற்கும் கீழே, ஆற்றங்கரையில் எடுத்தார்கள். "பனிமூட்டத்துல சறுக்கிட்டா" என்றது போலீஸ். அவளுடைய அண்ணன் பெர்மின் ஒத்துக்கொள்ளவில்லை. சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் நசுங்கியிருந்தது.

"சறுக்கினா முன்சக்கரம்தானே போகும்? பின்னாடி எப்படிய்யா நசுங்கும்?"

"பாறை" என்றார்கள். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. அவளுடைய கருவி மட்டும் கிடைக்கவில்லை. அவள் பெயரை மேப்பிலிருந்து நான்தான் நீக்கினேன். அழுதுகொண்டே நீக்கினேன்.

இந்த வருஷம் ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை. பால் கூட்டுறவில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ஞாயிறு பயணத்துக்கான பதிவை எழுதிக்கொண்டிருந்தேன். புது மேப்பை ஒட்டினேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

மாதா வளைவில் ஒரு பச்சைப் புள்ளி.

பக்கத்தில் பெயர். யாதிரா.

பழைய தகவல் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். நீக்கினேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். மறுபடி வந்தது. அதோடு… நகர்ந்தது. வளைவிலிருந்து கொஞ்சம் இறங்கி, பாலத்துக்கு முன்னால் நின்று, அணைந்துபோனது.

அடுத்த நாள் அதே நேரம், 4:20. புள்ளி பாலத்தைத் தாண்டியது. அதற்கு அடுத்த நாள் உருளைக்கிழங்கு வயல்கள் வரை. ஒவ்வொரு நாளும் ஊரை நோக்கி இன்னும் கொஞ்சம்.

பெர்மினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் முகம் இருண்டுவிட்டது.

"எவனோ விளையாடுறான் ரோசால்பா. கையில கிடைச்சான்னா கழுத்தை நெரிச்சிடுவேன்."

"கருவிதான் கிடைக்கலையே. எவன்கிட்டயாவது அது இருந்தா?"

"அப்ப அவன்தான் கொன்னவன்."

மறுநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் பாலத்துக்குப் போனான். நான் வீட்டில், மேப்பின் முன்னால். போன் காதில்.

"கிளம்பிடுச்சு பெர்மின். வளைவுலருந்து வருது."

"ரோடு தெரியுது. ஒண்ணுமில்ல."

"வேகமா வருது. ஐம்பத்தி எட்டு காட்டுது… உன்கிட்ட வந்துடுச்சு."

"காலி ரோடுடி. ஒரு மாடுகூட இல்ல."

"இப்ப… இப்ப உன்னைத் தாண்டுது."

போனில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பெடலை மிதிக்காமல் இறக்கத்தில் விட்டால் பின்சக்கரம் எழுப்புமே, அந்தச் சத்தம்.

டிக் டிக் டிக் டிக்… கிர்ர்ர்ர்…

நெருங்கியது. போனைத் தாண்டியது. தேய்ந்துபோனது.

"பெர்மின்?"

"அவ வீல்தான்" என்றான். "அந்த பேரிங்க நான்தான் மாத்தினேன். எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?"

அன்றைக்கு என் வலைப்பூவில் இன்னொன்றும் நடந்தது. ஞாயிறு எந்தப் பாதையில் போகலாம் என்று ஒரு வாக்குப்பெட்டி ஒட்டியிருந்தேன். ஏரி, வெந்நீர் ஊற்று, பழைய சுரங்கம். மூன்றே பாதைகள். நான் எழுதியவை.

பார்த்தபோது நாலாவதாக ஒன்று இருந்தது.

"அவன் வீடு."

ஒரு ஓட்டு விழுந்திருந்தது.

வாக்குப்பெட்டியை எடுத்தேன். மேப்புக்கான அந்த நாலு வரியை எடுத்தேன். பதிவையே அழித்தேன். வலைப்பூவின் முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. அப்பாடா என்று, எங்கள் ஊரில் குடிக்கும் வெல்லத் தண்ணீரைச் சுடவைத்து எடுத்து வந்து உட்கார்ந்தேன்.

வெறுமையான பக்கத்தின் நடுவில் மேப் இருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. மதியத்திலிருந்தே பனி இறங்கிவிட்டது. எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. நான் கம்ப்யூட்டரின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன். பேட்டரியில் அது ஓடிக்கொண்டிருந்தது. மூடிவைக்கக் கை போனது. ஆனால் கண் திரையை விட்டு வரவில்லை.

புள்ளி இந்த முறை வளைவில் இல்லை. ஊருக்குள் இருந்தது.

தேவாலயத்தைத் தாண்டியது.

சந்தையைத் தாண்டியது.

என் தெருவில் திரும்பியது.

டிக் டிக் டிக்…

ஸ்பீக்கரிலா? ஜன்னலிலா?

டிக்… டிக்…

நின்றது.

புள்ளி என் வீட்டு வாசலில் நின்றது.

கதவு தட்டப்பட்டது.

மறுபடி தட்டல். "ரோசால்பா! தொற கதவ!" ஆண் குரல். தெரிந்த குரல். போய்த் திறந்தேன்.

தோன் அன்செல்மோ. 'தோன்' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா' மாதிரி. உருளைக்கிழங்கு வியாபாரி. எங்கள் குழுவுக்கு வருஷா வருஷம் சட்டை தைத்துக் கொடுப்பவர். யாதிராவின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கியவர்களில் ஒருவர். அந்தக் குளிரிலும் அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. பின்னால் அவருடைய நீல லாரி, இன்ஜினை நிறுத்தாமல் நின்றது.

"அந்த மேப்பை எடுத்துடும்மா."

"எடுத்துட்டேனே, தோன் அன்செல்மோ."

"பொய் சொல்லாத. என் போன்ல தெரியுது. ராவும் பகலும் அந்தப் புள்ளி என் லாரி மேலயே நிக்குது."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கண்ணாடில பார்த்தா வர்றா" என்றார். "பின்னாடியே வர்றா. மேட்டுலயும் வர்றா. மிதிக்கவே மாட்டேங்குறா. சும்மா உட்கார்ந்துக்கிட்டு வர்றா."

"யாரு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, உள்ளே, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி கேட்டா" என்றார் மெதுவாக. "லாரில ஏத்தும்போது உசுரு இருந்துச்சு. தண்ணி கேட்டா…"

பிறகு என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்ததுபோல வாயைப் பொத்திக்கொண்டார். ஓடினார். லாரி பாய்ந்து கிளம்பியது.

டிக் டிக் டிக் டிக் டிக்…

அது லாரிக்குப் பின்னால் போனது. தெருவில் ஒருவருமில்லை. ஆனால் பனியில் ஒரு கோடு பிளந்துகொண்டே போனதை நான் பார்த்தேன்.

போலீசைக் கூப்பிட்டேன். பெர்மினைக் கூப்பிட்டேன். பிறகு திரைக்கு முன்னால் நின்றேன். புள்ளி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது.

வேகம் 48.

செங்குத்து மேடு அது. லோடு லாரி முக்கி முனகி இருபதில் ஏறும்.

62.

பாலம்.

80.

"நிறுத்துடி" என்றேன். யாரிடம் சொன்னேன்?

97.

மாதா வளைவு.

0.

திரை வெள்ளையாகிவிட்டது. மேப் இல்லை. வெறும் பக்கம்.

லாரியைப் பள்ளத்தில் கண்டுபிடித்தார்கள். அவருக்கு உயிர் இல்லை. பிரேக்கில் குறை எதுவும் இல்லை என்றார் வண்டியைப் பார்த்த மெக்கானிக். பிரேக்கை அழுத்தியபடியே மேலே போயிருக்கிறது. டயர் தேய்ந்த தடம் பாலத்திலிருந்து வளைவுவரை இருந்தது. சீட்டுக்கு அடியில் துணி சுற்றி வைத்த ஒரு சிறு கருவி கிடைத்தது. யாதிராவுடையது. உள்ளே பேட்டரி இல்லை.

பால்காரர் தெயோதுலோ அப்போது பாலத்தருகே கேன்களோடு நின்றிருக்கிறார். அவர் குடிக்கிற ஆள் இல்லை. போலீசிடமும் பாதிரியாரிடமும் பெர்மினிடமும் ஒரே மாதிரிதான் சொன்னார்.

"லாரிக்குப் பின்னாடி ஒரு பொண்ணு போச்சு. சைக்கிள்ல. மிதிக்கல. லாரி மேல ஒரு கைய வச்சிருந்துச்சு. மொதல்ல தொத்திக்கிட்டுப் போகுதுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"தொத்தல. தள்ளிக்கிட்டுப் போச்சு."

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பெர்மினின் அம்மா அன்றைக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். யாரும் அழவில்லை. பெர்மின் மட்டும் அன்செல்மோ வீட்டில் அவருக்காக நடந்த ஒன்பதாம் நாள் ஜெபமாலைக்குப் போனான். துக்கம் கேட்க அல்ல. அந்த விதவையின் முகத்தைப் பார்க்க.

"உன் புருஷன் என் தங்கச்சிய லாரில ஏத்தி, உசுரோட ஆத்துல போட்டான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. நடுங்கிக்கொண்டு அவனைத் தனியாகச் சமையலறைக்குக் கூட்டிப் போனாளாம்.

"அவர் லாரில இருந்தாரு தம்பி. அது நெசம். பாவத்துல பங்கு உண்டு. ஆனா ஓட்டினது அவர் இல்ல."

"கதை விடாதம்மா."

"அன்னைக்குக் காலைலதான் அவருக்குக் கண் ஆபரேஷன். ஒரு நாளைக்கு ரெண்டு கண்ணுலயும் கட்டு. பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருந்தாரு. அவர் கண்ணுக்கு எதுவுமே தெரியல. அவ குரல் மட்டும்தான் கேட்டுச்சு."

"அப்ப ஓட்டினது யாரு?"

அவள் கூடத்தைப் பார்த்தாளாம். அங்கே ஜெபமாலை சொல்லிக்கொண்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள், எங்கள் குழுக்காரர்கள், சொந்தக்காரர்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த நாளே ஊரைவிட்டுப் போய்விட்டாள்.

பெர்மின் நேராக என்னிடம் வந்தான்.

"மேப்பைத் திரும்பப் போடு."

"வேணாம் பெர்மின். பயமா இருக்கு."

"பயப்பட வேண்டியது நீ இல்ல. போடு."

போட்டேன். அந்த நாலு வரியை முதல் பக்கத்தில், எல்லாருக்கும் தெரியும்படி ஒட்டினேன். அதற்குக் கீழே, இந்தப் பக்கத்தை இப்போது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் சின்ன எண்ணிக்கைப் பெட்டியையும் ஒட்டினேன். வேறெதுவும் எழுதவில்லை.

பதினோரு நாள் ஆகிறது. பச்சைப் புள்ளி வளைவிலிருந்து மறுபடி கிளம்பிவிட்டது. நேற்று சந்தைவரை வந்து நின்றது.

நானும் பெர்மினும் அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். ஆனால் பார்க்கும் நேரமெல்லாம், காலையோ மதியமோ, அந்த எண்ணிக்கையில் எங்களைக் கழித்தாலும் எப்போதும் ஒருவர் மிச்சமிருக்கிறார்.

எங்கள் ஊரில் யாரோ ஒருவர், கண்ணை எடுக்காமல், அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.